நாட்டு வாழ்த்தும் மொழிமாற்றமும்: கடையத்துப் பாரதியின் வாழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பங்கிம் சந்திர சட்டோபாத்யாயரின் ‘வந்தே மாதரம்’ என்னும் நாட்டு வாழ்த்தைச் சுப்பிரமணிய பாரதியார் இருமுறை தமிழாக்கினார். ஒரே கவிஞர் ஒரே பாடலை இரண்டாம் முறையும் மொழிபெயர்க்க முற்பட்டது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா. எட்டயபுரத்தில் தொடங்கிக் காசி, சென்னை, புதுவை வழியாகக் கடையத்தை அடைந்த அவருடைய வாழ்வின் போக்கில் வைத்து இவ்வினா ஆராயப்படுகிறது. எண், காற்று, தெய்வம் ஆகிய மூன்று இடங்களில் இரு தமிழாக்கங்களும் மூலத்திலிருந்தும் தம்முள்ளும் வேறுபடும் திறம் காட்டப்படுகிறது. வேற்றுமொழி நாட்டு வாழ்த்து மக்களின் வாய்ப்பாட்டாவதற்குச் சொல்லைப் பெயர்ப்பது மட்டும் போதாது, மெட்டும் உள்ளூர் மண்ணில் வேர்கொள்ள வேண்டும் என்னும் முடிவை அவருடைய படைப்பு வாழ்வு உணர்த்துகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: பாரதியார், வந்தே மாதரம், ஜாதீய கீதம், மொழிபெயர்ப்பு, காவடிச் சிந்து, கடையம், தென்காசி வட்டாரம்.

1. முன்னுரை

ஒரு நாட்டின் வாழ்த்துப் பாடலை அந்நாட்டவர் அனைவரும் பாட வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. பல மொழி பேசும் நாட்டில் அப்பாடல் ஏதேனும் ஒரு மொழியில்தான் அமைகிறது. எனவே பாடுவோருள் பெரும்பகுதியினர் தமக்குத் தாய்மொழியல்லாத ஒன்றிலேயே தம் நாட்டை வாழ்த்துகின்றனர். பொருள் விளங்காமல் மூலமொழியிலேயே பாடுவதா, பொருள் விளங்கத் தம் மொழியில் பெயர்த்துப் பாடுவதா என்னும் சிக்கல் இங்கே எழுகிறது. மூலத்தைப் பாடினால் ஒலியில் ஒருமை கிட்டும். உணர்வில் தொலைவு நேரும். பெயர்த்துப் பாடினால் உணர்வு நெருங்கும். ஒரே பாடலைப் பாடுகிறோம் என்னும் எண்ணம் தளரக்கூடும்.

இச்சிக்கலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எதிர்கொண்டவர் பாரதியார். அவருடைய இளமையும் திருமணமும் இறுதிக் காலத்தின் ஒரு பகுதியும் அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்தவை. அவர் மணந்த செல்லம்மாள் கடையத்தைச் சேர்ந்தவர். பொதிகைத் தொடரின் அடியில், தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே அமைந்த கடையம், 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபின் அம்மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஆகவே பாரதியாரைத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தோடு இணைத்துக் காண்பது வெறும் ஊர்ப்பற்றன்று. அவருடைய தமிழாக்கத்தின் ஒரு முதன்மையான சொல் இம்மலைத்தொடரையே சுட்டுகிறது என்பது பின்னர்க் காட்டப்படும்.

2. எட்டயபுரம் முதல் காசி வரை

பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் பிறந்தார். பங்கிம் சந்திரரின் ‘ஆனந்தமடம்’ புதினம் நூல்வடிவம் பெற்றதும் அதே ஆண்டில்தான். வந்தே மாதரப் பாடல் அப்புதினத்தின் உள்ளே இடம்பெற்றே புகழடைந்தது. பாடலும் அதைத் தமிழாக்கியவரும் ஏறத்தாழ ஒரே வயதினர் எனலாம்.

ஐந்தாம் வயதில் தாயை இழந்த அவர், பதினோராம் வயதில் எட்டயபுர அவையில் பாரதி என்னும் பட்டத்தைப் பெற்றார். 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்றார். 1897-இல், தம் பதினான்காம் வயதில், ஏழு வயதுச் செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டு தந்தையும் மறைய, காசியில் வாழ்ந்த அத்தையிடம் சென்றார். 1902 வரை நீண்ட காசி வாழ்க்கை அவருக்கு வடமொழியையும் இந்தியையும் தந்தது.

இம்மொழிப் பயிற்சி பின்னைய தமிழாக்கத்திற்கு அடித்தளமாயிற்று. வந்தே மாதரப் பாடல் முழுமையும் வங்கமொழியில் அமைந்ததன்று. தொடக்கப் பகுதி வடமொழியிலேயே உள்ளது. இடைப்பகுதியில் வங்கத் தொடர்கள் கலந்து வருகின்றன. இறுதியில் மீண்டும் வடமொழி தலைதூக்குகிறது. அதாவது, வங்க மக்களுக்கே அப்பாடல் பாதி வேற்றுமொழிப் பாடல்தான். வேற்றுமொழியில் நாட்டை வாழ்த்துதல் என்னும் நிலை மூலத்துக்குள்ளேயே பொதிந்துகிடக்கிறது. காசியில் வடமொழி கற்ற ஓர் இளைஞர்க்கு அப்பாடலின் பெரும்பகுதி நேரடியாகவே விளங்கியிருக்கும்.

3. முதல் தமிழாக்கம்: 1905

1902-இல் எட்டயபுரம் திரும்பிய பாரதியார், 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணிபுரிந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் துணையாசிரியரானார். அயல்நாட்டுச் செய்திகளையும் வடநாட்டுச் செய்திகளையும் தமிழாக்குவதே அங்கு அவருடைய அன்றாடப் பணி. மொழிபெயர்ப்பு அவருக்கு இலக்கியப் பொழுதுபோக்காக அன்றி, நாள்தோறும் செய்யும் தொழிலாகவே வாய்த்தது என்பதை மனங்கொள்ள வேண்டும்.

1905 அக்டோபர் 16 அன்று வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பில் வந்தே மாதரம் ஒரு புதினத்தின் பாடலாக இருந்த நிலையிலிருந்து ஒரு நாட்டின் முழக்கமாக மாறியது. பிரிவினைக்குச் சற்று முன்னரே செப்டம்பரில் வங்கத்தை வாழ்த்திய பாரதியார், நவம்பரில் தாம் ஆசிரியராக இருந்த ‘சக்கரவர்த்தினி’ என்னும் பெண்கள் மாத இதழில் வந்தே மாதரத்தின் தமிழாக்கத்தை வெளியிட்டார். நாட்டு வாழ்த்தின் முதல் தமிழ் வடிவம் பெண்களுக்கான இதழில் வெளிவந்தது தனியே கருதத்தக்கது. தாயாகப் போற்றப்படும் நாட்டின் பாடலை முதலில் கேட்க வேண்டியவர்கள் இல்லத்துப் பெண்கள் என அவர் கருதியிருத்தல் கூடும்.

அத்தமிழாக்கமும் பின்னைய தமிழாக்கமும் ‘ஜாதீய கீதம்’ என்னும் தலைப்பைப் பெற்றுள்ளன. இத்தலைப்பே ஒரு மொழிச் சிக்கல். வங்கத்தில் ஜாதி என்னும் சொல் நாட்டினத்தைக் குறிக்கும். தமிழிலோ அது சாதிப் பிரிவைக் குறிக்கும். வங்கப் பொருளையே கொண்டு அச்சொல்லைத் தமிழில் வைத்தார் பாரதியார். தேசியம் என்னும் சொல் தமிழில் வேரூன்றாத காலத்தில், நாட்டினம் என்னும் கருத்துக்கே பெயர் தேடவேண்டிய நிலை இருந்தது. பாடலை மட்டுமன்றி, அப்பாடலுக்கு அடிப்படையான எண்ணத்தையும் அவர் கடன்வாங்க வேண்டியிருந்தது என்பதற்கு இத்தலைப்பு சான்று.

4. இரு தமிழாக்கங்களின் ஒப்பீடு

முதல் தமிழாக்கம் நாற்சீரடிகளால் அகவல் நடையில் அமைந்தது. வடமொழி மூலத்தின் அடைச்சொற்கள் எல்லாம் வணங்கும் செயலுக்குச் செயப்படுபொருளாக, இரண்டாம் வேற்றுமையில் அடுக்கிவருவன. இதற்கு ஈடாகப் பாரதியார் ஐகார ஈற்று முன்னிலை ஒருமைக் குறிப்பு வினைமுற்றுகளை அடுக்குகிறார். அவ்வீறு இரண்டாம் வேற்றுமை உருபைப் போலவே ஒலிப்பதால் மூலத்தின் ஓசை நினைவு காக்கப்படுகிறது. பொருளில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்கிறது. இத்தன்மையுடையவளை வணங்குகிறேன் என்னும் படர்க்கைக் கூற்று, இத்தன்மையுடையாய் நீ என்னும் முன்னிலைக் கூற்றாகிறது. தேவார, திருவாசக மரபில் இறைவனை முன்னிலைப்படுத்திப் பரவும் முறை தமிழர்க்குப் பழக்கமானது. நாட்டையும் அவ்வாறே பரவச் செய்ததே முதல் தமிழாக்கத்தின் பேறு.

4.1 எண்

மூலத்தில் முழங்கும் குரல்கள் ஏழு கோடி. உயரும் கரங்கள் அதன் இரு மடங்கு. ஏழு கோடி என்பது அன்றைய வங்க மாகாண மக்கள்தொகையைச் சுட்டும். 1872-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 6.7 கோடி. எனவே பங்கிமர் பாடிய தாய் வங்கத்தாயே. பாரதியாரின் முதல் தமிழாக்கத்தில் குரல்கள் முப்பது கோடியாகவும் தோள்கள் அறுபது கோடியாகவும் வளர்கின்றன. 1901 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகை ஏறத்தாழ 29.4 கோடி. ஓர் எண்ணை மாற்றியதன் வாயிலாக ஒரு மாகாணத்தின் வாழ்த்து நாடு முழுமைக்குமான வாழ்த்தாகிறது. மொழிபெயர்ப்பாளர் மூலத்திற்குச் செய்த பிழையாக இதனைக் கொள்ள இயலாது. ஏழு கோடி என்றே தமிழர் பாடியிருப்பின், தம்மை உள்ளடக்காத ஒரு தொகையைத் தாமே பாடியவராவர்.

இரண்டாம் தமிழாக்கத்தில் அவ்வெண்ணும் மறைகிறது. கோடி என்னும் சொல் அடுக்கி வருகிறதேயன்றித் தொகை குறிக்கப்படவில்லை. கணக்கெடுப்பின் எண் காலந்தோறும் மாறும். வாழ்த்து மாறாது நிற்க வேண்டும். இம்மாற்றம் இவ்வகையில் பொருள் கொள்ளத்தக்கது.

4.2 காற்று

மூலத்தின் தொடக்கத்திலேயே மலயத்தில் பிறந்த குளிர்ச்சி பேசப்படுகிறது. மலயம் என்பது வடமொழிக் கவிமரபில் தென்கோடி மலை. சந்தனமும் தென்றலும் பிறக்குமிடம். தமிழ் மரபு அதனைப் பொதியில் என்றும் பொதிகை என்றும் வழங்கும். குற்றாலத்துத் திரிகூடமும் கடையத்தின் பின்புல மலைகளும் இதே தொடரைச் சேர்ந்தவை. வங்கத்துக் கவிஞர் தம் நாட்டின் குளிர்ச்சியைப் பாடக் கவிமரபின் வழியே தென்னாட்டு மலைக்காற்றை அழைத்துக்கொண்டார். அவர்க்கு மலயம் கவிச்சொல்; திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்க்கோ அது கண்ணெதிரே நிற்கும் மலை.

பாரதியாரின் முதல் தமிழாக்கம் மலயம் என்னும் வடசொல்லை அப்படியே நிறுத்திக் குளிர்காற்றைக் கூறுகிறது. இரண்டாவதோ மலயத்தை விடுத்துத் தென்றல் என்னும் தமிழ்ச் சொல்லை ஏற்கிறது. தென்திசையிலிருந்து வடநாடு சென்று வடமொழிப் பெயர் பூண்ட காற்று, தமிழாக்கத்தில் தன் பிறந்த ஊர்ப் பெயரோடு திரும்பி வருகிறது. மொழிபெயர்ப்பு என்பது எப்போதும் அயற்பொருளைக் கொண்டுவருவதன்று. சில வேளைகளில் நம்மிடமிருந்து சென்றதை மீட்பதுமாகும் என்பதற்கு இவ்விடம் நல்ல எடுத்துக்காட்டு.

4.3 தெய்வம்

மூலத்தின் பிற்பகுதி நாட்டைப் பத்துப் படைக்கலம் ஏந்திய துர்க்கையாகவும் தாமரையில் உறையும் திருமகளாகவும் கல்வி அருளும் வாணியாகவும் காண்கிறது. வங்கத்தில் துர்க்கை வழிபாடு ஆண்டின் தலையாய திருவிழா. தமிழகத்தில் அத்தகைய முதன்மை துர்க்கைக்கு இல்லை. முதல் தமிழாக்கத்தில் துர்க்கை உமையவளாகிறாள், இரண்டாவதில் பார்வதியாகிறாள். பத்துப் படைகள் மட்டும் கைவிடப்படவில்லை. சிவாலயந்தோறும் அம்மன் சந்நிதி கண்டு வளர்ந்த தமிழர்க்கு அண்மையான பெயரைத் தேர்ந்ததால், வங்கத்துத் தாய் தமிழகத்துக் கோயிலுக்குள் நுழைகிறாள். எனினும் சமயச் சார்பு குறையவில்லை. இதன் விளைவை ஏழாம் பகுதியில் காண்போம்.

நடையிலும் இரு தமிழாக்கங்களும் வேறுபடுகின்றன. முதலதில் மூலத்தின் நிறச்சொல்லும் குணச்சொல்லும் வடமொழி வடிவிலேயே சில இடங்களில் எஞ்சுகின்றன. இரண்டாவதில் எண்ணும்மை அடுக்கும் வாழ்த்து முடிபும் முதன்மை பெறுகின்றன; தாயை வாழிய என வாழ்த்தும் முடிபு பல்லவிபோல் மீண்டும் வருகிறது. முதலாவது படித்துச் சுவைப்பதற்கும், இரண்டாவது கூடிநின்று சொல்வதற்கும் மிகுதியும் இயைவன. புதிய மொழிபெயர்ப்பு என்னும் குறிப்போடு இரண்டாவது வெளிவருவதற்கு இதுவே தக்க காரணமாகத் தோன்றுகிறது.

5. முழக்கமும் அதன் விலையும்

1906 மே மாதம் ‘இந்தியா’ வார இதழ் தொடங்கியது. அதன் ஆசிரியப் பொறுப்பு பாரதியாரைச் சேர்ந்தது. 1907-இல் மிதவாதத் தலைவரான வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் தமக்கு எதிரணியில் நின்ற பாரதியாரின் மூன்று பாடல்களைக் கேட்டு மகிழ்ந்து, 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மறு ஆண்டு வெளிவந்த ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை நிவேதிதா தேவிக்குப் பாரதியார் உரிமையாக்கினார்.

1908 மார்ச் 12 அன்று வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. வந்தே மாதரம் என்னும் இரு சொற்களை உரக்கச் சொல்வதே அரசின் ஐயத்திற்கு உரியதாயிற்று. அக்கூட்டங்களில் திரண்டோருள் முழுப்பாடலின் வடமொழியை அறிந்தோர் மிகச் சிலரே இருந்திருப்பர். ஆயினும் அவ்விரு சொற்களை மொழிபெயர்க்க வேண்டிய தேவை எவர்க்கும் எழவில்லை. பாடல் அயன்மொழியாகவே நிற்க, முழக்கம் மட்டும் தமிழாயிற்று.

‘இந்தியா’ இதழின் மீது நடவடிக்கை தொடங்கவே, 1908-இல் பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுவைக்குப் புலம்பெயர்ந்தார். 1910-இல் அங்கு வந்து சேர்ந்த அரவிந்தரும் வந்தே மாதரத்தை மொழிபெயர்த்தவரே. அவருடைய ஆங்கிலப் பெயர்ப்பு 1909 நவம்பரில் வெளிவந்தது. ஒரே பாடலைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டுசென்ற இருவர் ஒரே ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். 1911 ஜூன் 17 அன்று செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டபின், புதுவைத் தமிழர்மீது காவல்துறையின் கண்காணிப்பு இறுகியது. தென்காசி வட்டாரத்து இளைஞர் ஒருவரின் செயல் பாரதியாரின் புதுவை வாழ்வையும் நெருக்கியது.

6. மெட்டு மாறிய வாழ்த்து

இரு தமிழாக்கங்களோடு பாரதியார் நிற்கவில்லை. அவற்றுக்கு இணையாகவே வேறொரு முயற்சியும் நடந்தது. வந்தே மாதரம் என்னும் தொடரை மொழிபெயர்க்காமல் பல்லவியாக நிறுத்தி, அதனைச் சூழத் தமிழில் சொந்தப் பாடல்களைப் புனைந்தார். அத்தொடரை முழங்கிவிட்டு அடுத்த அடியிலேயே அதன் பொருளைத் தமிழில் சொல்லிச் செல்லும் முறை அவற்றுள் ஒன்றில் காணப்படுகிறது. உரையும் மூலமும் ஒரே பாடலுள் அருகருகே நிற்பதால், பாடுவோர்க்கு அயற்சொல் தானே விளங்குகிறது. முன்னர்க் கூறிய 1907-ஆம் ஆண்டு வெளியீட்டில் இவ்வகைப் பாடலும் இடம்பெற்றது.

இன்னும் ஒரு படி மேலே செல்வது ‘எங்கள் தாய்’. இது காவடிச் சிந்து மெட்டில் அமைந்தது. முதல் தமிழாக்கத்தில் குரல்களின் தொகையாக நின்ற முப்பது கோடி, இங்கே தாயின் முகங்களின் தொகையாகிறது. அவள் பேசும் மொழிகள் பதினெட்டு எனவும் சிந்தனை ஒன்று எனவும் அப்பாடல் கூறுகிறது. பன்மொழி நாட்டிற்கு ஒரு வாழ்த்து என்னும் சிக்கலுக்குப் பாரதியார் கண்ட விடை இதுவே. ஒரு மொழியில் அனைவரும் பாட வேண்டும் என்பதன்று. பல மொழிகளில் பாடினும் பாடப்படும் எண்ணம் ஒன்றே என்பது.

இவ்விடையைச் சொல்ல அவர் தேர்ந்த மெட்டும் கருதத்தக்கது. மலைக்குக் காவடி எடுத்துச் செல்வோரின் வழிநடைப் பாட்டு காவடிச் சிந்து. அதனைத் தமிழிலக்கியத்தில் நிலைநாட்டியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்து, ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் வாழ்ந்து, கழுகுமலை முருகனைப் பாடி இளமையிலேயே 1891-இல் மறைந்தவர் அவர். சென்னிகுளமும் ஊற்றுமலையும் இன்றைய தென்காசி மாவட்டத்தன. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியும் சிந்தின் துள்ளலால் பாமர மக்களைச் சென்றடைந்த நூலே. கற்றோர் நாவில் வழங்கிய அகவலைவிட, நடந்துகொண்டே பாடத்தகும் சிந்து இவ்வட்டாரத்தின் காதுக்கு நெடுங்காலமாகப் பழகியிருந்தது. நாட்டு வாழ்த்தை அம்மெட்டில் ஏற்றியபோது அது மொழிபெயர்ப்பு என்னும் எல்லையைக் கடந்து மண்ணின் பாடலாயிற்று.

காலவரிசையில் இம்மூன்று நெறிகளும் ஒன்று முடிந்தபின் ஒன்றாகத் தோன்றியவை அல்ல. ஒன்றோடொன்று இணைந்தே வளர்ந்தவை. மூலத்தை நெருங்கிப் பெயர்த்தல், கூடிச் சொல்லத்தக்கவாறு மீண்டும் பெயர்த்தல், மூலத்தின் முழக்கத்தை மட்டும் கொண்டு தன் மெட்டில் புதிதாகப் பாடுதல் என்னும் இம்மூன்றும் ஒரே வினாவுக்கு ஒரே கவிஞர் அளித்த மூன்று விடைகள்.

7. கடையத்து ஆண்டுகள்: 1918–1920

1918 நவம்பரில் புதுவையை நீங்கிய பாரதியார் ஆங்கிலேய எல்லையில் கால்வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் 24 நாள்கள் இருந்தார். திருநெல்வேலி மாவட்டத்தில் வசிக்க வேண்டும், எழுத்துகளைக் காவல்துறையின் பார்வைக்கு உட்படுத்த வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளுடன் டிசம்பரில் விடுதலையானார். மனைவியின் ஊரான கடையத்தை அடைந்தார். நாடு முழுமைக்குமான வாழ்த்தைப் பாடியவர் ஒரு மாவட்டத்துள் அடைபட்டது காலத்தின் முரண்.

கடையத்து வாழ்வு எளிதாக இருக்கவில்லை. வறுமை ஒருபுறம், சாதி ஆசாரங்களை ஏற்காத அவர்க்கும் அக்கிரகாரத்துக்கும் இடையே ஏற்பட்ட பிணக்கு மறுபுறம். ஜாதீய கீதம் என்னும் தலைப்பில் ஜாதியை நாட்டினமாகப் பொருள்கொண்ட கவிஞர், அதே சொல் தமிழில் குறிக்கும் பொருளின் கடுமையை அன்றாடம் எதிர்கொண்டார்.

கடையத்தை அடுத்தது பொட்டல்புதூர். முகைதீன் ஆண்டவர் தர்காவால் புகழ்பெற்ற ஊர். 1920 ஜூன் 20 அன்று அங்கு இசுலாமிய மக்கள் கூடிய அவையில் பாரதியார் இசுலாம் மார்க்கத்தின் மகிமை குறித்து உரையாற்றினார். தொடக்கத்தில் அல்லாவைப் போற்றும் தம் தமிழ்ப் பாடலையும் பாடினார். இந்நிகழ்ச்சி இக்கட்டுரையின் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. வந்தே மாதரத்தின் பிற்பகுதி நாட்டைத் தெய்வ உருவாகக் காண்பதால், ஓரிறைக் கொள்கையுடைய இசுலாமியர் அதைப் பாடத் தயங்கினர். அத்தயக்கம் பிற்காலத்தில் பெரும் விவாதமாயிற்று. பாரதியாரின் இரு தமிழாக்கங்களும் துர்க்கையின் பெயரை மாற்றினவேயன்றி அச்சிக்கலைத் தீர்க்கவில்லை. பொட்டல்புதூரில் அவர் வேறொரு வழியை மேற்கொண்டார். தம் வாழ்த்தைப் பிறரைப் பாடச் சொல்லாமல், பிறருடைய வாழ்த்தைத் தாம் தமிழில் பாடினார். வேற்றுமொழியில் வாழ்த்துதல் என்பது வேற்று நெறியில் வாழ்த்துதலாகவும் விரிந்தது. தமிழே அங்குப் பொதுவிடமாயிற்று.

அதே 1920-இல் தம் படைப்புகளை 40 நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 படிகளாக அச்சிடும் பெருந்திட்டத்தைக் கடையத்திலிருந்து அறிவித்து அன்பர்களின் உதவி நாடினார். திட்டம் நிறைவேறவில்லை. ஆண்டின் இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனில் சேரச் சென்னை சென்றார். 1921 செப்டம்பர் 12-ஆம் நாள் தொடங்கிய நள்ளிரவுக்குப் பின் திருவல்லிக்கேணியில் காலமானார். அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்பது நிறையவில்லை.

8. பாரதியாருக்குப் பின்

1928-இல் பாரதியாரின் பாடல் நூல்களை அரசு பறிமுதல் செய்ததும், அதற்குச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எதிர்ப்புத் தெரிவித்ததும் அப்பாடல்கள் மக்களிடம் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகின்றன. 1937-இல் வந்தே மாதரத்தின் முதலிரு பகுதிகளை மட்டுமே பாடுவதெனக் காங்கிரசு செயற்குழு முடிவுசெய்தது. 1950 ஜனவரி 24 அன்று தாகூரின் ‘ஜன கண மன’ நாட்டுப்பண் என ஏற்கப்பட்டு, வந்தே மாதரத்துக்கும் இணையான மதிப்பு அளிக்கப்பட்டது. இவ்விரு பாடல்களும் நாடெங்கும் மூலமொழியிலேயே பாடப்பெறுகின்றன. ஒலியொருமையே ஆட்சிமுறையின் தேர்வாயிற்று.

மெட்டை நிறுத்தி மொழியை மாற்றும் நெறிக்கு இலங்கை சான்று. ஆனந்த சமரக்கோனின் சிங்களப் பாடலை, அதே இசைக்குப் பொருந்தப் புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். அத்தமிழ் வடிவம் 2016 பிப்ரவரி 4 அன்று சுதந்திர தின அரசு விழாவில் பாடப்பெற்றபோது, தம் மொழியில் நாட்டை வாழ்த்தும் உரிமை எத்துணை ஆழமான ஏக்கமாக இருந்தது என்பது வெளிப்பட்டது. 2020-இல் அவ்விழாவில் அது பாடப்பெறாதபோது எழுந்த வருத்தமும் அதையே உணர்த்தியது. கனடாவின் நாட்டுப்பண் 1880-இல் பிரெஞ்சில் பிறந்து, பின்னர் ஆங்கில வடிவமும் பெற்றது. அவ்வாங்கில வடிவம் மூலத்தின் நேர்ப்பெயர்ப்பன்று. இருமொழியினரும் ஒரே மெட்டில் வெவ்வேறு பொருளைப் பாடுகின்றனர். பாரதியாரின் நெறி இவற்றின் மறுதலை. அவர் மெட்டையும் மொழியையும் மாற்றி எண்ணத்தை நிறுத்தினார்.

தம் மொழியில் பாடுதல் என்னும் கோரிக்கை 1940-களில் தமிழிசை இயக்கமாக மீண்டும் எழுந்தபோது, அதன் முன்னணிக் குரல்களுள் ஒன்று குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடையது. பொருள் விளங்காத பாடலில் உள்ளம் முழுமையாகத் தோய இயலாது என்னும் அடிப்படை இரு முயற்சிகளுக்கும் பொதுவானது.

9. முடிவுரை

வந்தே மாதரத்தைப் பாரதியார் இருமுறை பெயர்த்தது முதல் முயற்சியின் குறைபாட்டால் மட்டும் நேர்ந்ததன்று. படிக்கும் பாடலுக்கும் கூடிச் சொல்லும் பாடலுக்கும் இடையிலான வேறுபாட்டை அவர் உணர்ந்ததன் விளைவு அது. எண்ணை மாற்றியதால் தமிழர் அப்பாடலின் உள்ளே இடம்பெற்றனர். காற்றின் பெயரை மாற்றியதால் பாடல் தமிழ்நிலத்தினுள் இடம்பெற்றது. தெய்வப் பெயரை மாற்றியும் தீராத சிக்கல் பொட்டல்புதூர் அவையில் வேறு வகையில் எதிர்கொள்ளப்பட்டது.

இதனால் பெறப்படும் முடிவு ஒன்றுண்டு. வேற்றுமொழி நாட்டு வாழ்த்தை மூலத்தில் பாடுவோரும் பெயர்த்துப் பாடுவோரும் ஒருவர்க்கொருவர் எதிரிகள் அல்லர். இரு சொல் முழக்கத்தை மூலமொழியிலேயே ஏற்று, ஏனையவற்றைத் தம் மெட்டில் தம் மொழியில் பாடிய பாரதியார் இரண்டையும் ஒருங்கே செய்தார். அயற்பாடலைத் தமிழர் பாட வேண்டுமானால், அப்பாடலும் தமிழரின் வழிநடையில் சிறிது தொலைவு நடந்து வர வேண்டும். சென்னிகுளத்துக் காவடிச் சிந்து அவருக்குக் காட்டிய பாதை அதுவே. இரு தமிழாக்கங்களின் யாப்பையும் அவருடைய சிந்துப் பாடல்களின் மெட்டுகளையும் ஒருசேர வைத்து இசைநோக்கில் ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.